எழும்பும்போது பார்க்காதவள்

வகுப்பைப் பொறுப்பெடுத்த நீங்கள் மூவரும் என்னிடம் கேட்டது ஓர் அட்டவணை. கிழமையில் எத்தனை நாள் யோகா, எத்தனை நாள் பிலாட்டிஸ், எது முதல், எது பிறகு என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன், அரைப் பக்கம்தான் வந்தது. அதோடு இதையும் வாசியுங்கள். நேரில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நாலு பேருக்கு முன்னால் கதைக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம். பதினாறு வருடம் வகுப்பு எடுத்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் "மூச்சை எடுங்கள், மெதுவாக விடுங்கள்" என்று சொல்வது கதைப்பது இல்லை. அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். நான் அப்படித்தான் சொன்னேன். என் பெரிய பிழையும் அங்கேதான் இருந்தது.

நான் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலைக்குத்தான் முதலில் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் ஒரு மண்டபத்தில் யோகா பழகிக்கொண்டிருந்தேன். ஒரு சீசனில் யோகா படிப்பிக்க வரவேண்டியவர் வராமல் விட, மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் போய் நில்லுங்கோ, சமாளிப்பம்" என்றார். போய் நின்றேன். பிறகு அதுவே என் வேலையாகிவிட்டது. காலையில் ஹோட்டலில் வெளிநாட்டுக்காரருக்கு. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் டவுனில், துணிக்கடைக்கு மேல்மாடியில், எங்கள் பெண்களுக்கு. இப்போது நீங்கள் நிற்கிற அதே மேல்மாடிதான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அங்கே ஜன்னல் கண்ணாடி அதிரும். எல்லோரும் சவாசனத்தில் கிடக்கும் நேரம் பார்த்துத்தான் அது ஊதும். உங்களுக்கும் பழகியிருக்கும்.

அந்த வகுப்புக்குக் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்தவர் ஹாஜரா. தையல்காரி. அறுபதை நெருங்கிய வயது. கிண்ணியாவில் அக்காவை ராத்தா என்பார்கள்; நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வந்த முதல் நாள் எல்லோரும் போகும்வரை நின்றார்.

"நாரி நோவோ ராத்தா?" என்று கேட்டேன். மெஷினில் குனிந்து தைக்கிறவர்களுக்கு இடுப்புக்கு மேலேதான் நோ வரும் என்று எனக்குத் தெரியும்.

"நாரியும்தான், முழங்காலும்தான். அது கிடக்கட்டும் புள்ள. நான் வந்தது நோவுக்கில்ல."

"பின்ன?"

"நாலு வருசமாக் கதிரையில இருந்துதான் தொழுறன். சுஜூதுக்கு நெத்திய நிலத்தில வைக்கணும். நான் கதிரையில இருந்துகொண்டு தலையக் குனியிறதோட சரி. ஏலாதவங்களுக்கு அப்பிடித் தொழுதாலும் கூடும் எண்டு சொல்றாங்க. கூடும்தான். எனக்குத்தான் மனசு ஆறுதில்ல." வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "நெத்தி நிலத்தில படணும். அவ்வளவுதான். ஏலுமா?"

நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு "ஓம்" என்றேன்.

யோகா படித்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன நோவென்று வந்தாலும் உடம்பு இறுகிவிட்டது, இளக்கினால் சரி என்று நினைப்போம். ஹாஜரா ராத்தாவையும் நான் இளக்கினேன். முதலில் கதிரையில் இருத்திக் குனிய வைத்தேன். பிறகு சுவரோடு. பிறகு பாயில், முழங்காலுக்குக் கீழே மடித்த போர்வைகளும் நெற்றிக்குக் கீழே தலையணையும் வைத்து. மாதம் போகப் போக ஒவ்வொரு போர்வையாக எடுத்தேன். தலையணை போய் மடித்த துவாய் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை துவாயையும் எடுத்தேன். அவருடைய நெற்றி பாயில் பட்டது.

தோள்கள் குலுங்குவதை எல்லோரும் கண்டோம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு குப்புறக் கிடந்தபடியே குரல் வந்தது: "சரியான ரப்பர் மணம் புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "சென்ற் பூசி வைக்கட்டோ?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு வகுப்பை எப்போதும்போலத்தான் முடித்தேன். கைகூப்பி, கண்ணை மூடி, மணியை அடித்தேன். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி, மின்விசிறியை நிறுத்தி, என் பாயைச் சுருட்டினேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். மணி அடித்த பிறகு நான் ஒருவரையும் பார்ப்பதில்லை. பெண்கள் நிலத்திலிருந்து எழும்பும்போது ஒரு கை ஊன்றுவார்கள், இடுப்பு மேலே வரும், சட்டை ஏறும், மூச்சு வாங்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அழகில்லை என்று நினைத்தேன். என் கூச்சத்துக்கு மரியாதை என்று பேர் வைத்திருந்தேன். அதனால் எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் ஹாஜரா ராத்தாவை இரண்டு பக்கமும் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஒரு வருடமாக.

அடுத்த நாள் மத்தியானம் அவர் வீட்டில் தனியாக இருந்தார். மகள் நஸ்ரினுக்கு மூதூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. ராத்தா கதிரையைத் தள்ளிவைத்துவிட்டு, நாலு வருடமாக மடித்து வைத்திருந்த தொழுகைப் பாயை விரித்திருக்கிறார்.

வியாழன் காலை ஹோட்டல் வகுப்பு முடிந்த கையோடு நஸ்ரினின் அழைப்பு வந்தது.

"உம்மா கீழ இறங்கி எழும்ப ஏலாமக் கிடந்திருக்கா. கனநேரம். நகர்ந்து போய் மெஷின் மேசையப் பிடிச்சு இழுத்ததில கத்திரிக்கோல், நூல் பெட்டியெல்லாம் தலைக்கு மேல விழுந்திருக்கி. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டாக்கள் வந்துதான் தூக்கினது. இப்ப நாரி பிடிச்சு அசைய ஏலாமக் கிடக்கா."

"நான் வந்து..." என்று தொடங்கினேன்.

"ஒண்டு மட்டும் கேக்கிறன். நீங்க இறங்க மட்டுந்தான் படிப்பிச்சீங்களா?"

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். நான் ஹோட்டல் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். டவுன் வகுப்பை அன்றோடு நிறுத்திவிடுவது என்றுதான் முடிவு செய்தேன்.

அந்த சீசன் ஹோட்டலுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பிள்ளை பிலாட்டிஸ் படிப்பிக்க வந்திருந்தாள். முப்பது வயதுகூட இராது. பேரை எழுதவில்லை, அவளுக்கு அது பிடிக்காது. என் வகுப்பு முடிய அவளுடைய வகுப்பு. என்னிடம் வந்துகொண்டிருந்த விருந்தாளிகள் சிலர் அவளிடம் போய்விட்டார்கள். அதனால் இரண்டு மாதமாக "குட் மோர்னிங்" தவிர அவளிடம் நான் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவள்தான் அன்று வந்து படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா ஏன் அழுறது?"

சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அவள் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"நான் தினம் பாக்குறது அக்கா. வகுப்பு முடியும், அக்கா கண் மூடும். ஆள் எல்லாம் முழங்கால்ல கை வச்சு, பக்கத்து ஆளைப் பிடிச்சு எழும்புறது. அக்கா பாக்குறது இல்ல."

"நீ அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"அக்கா பெரிய ஆள். நான் எப்படிச் சொல்றது?"

அவளுக்கும் என்னைப் போலவே கூச்சம். எங்கள் இரண்டு பேருடைய கூச்சத்துக்கும் இடையில் ஒரு மனுஷி நிலத்தில் கிடந்திருக்கிறார்.

அவள் எழுந்து புல்லில் ஒரு பாயை விரித்தாள். "அக்கா மல்லாந்து படுங்க. கால் நீட்டுங்க. இப்ப கை ஊன்றாம எழும்பி இருங்க."

படுத்தேன். எழும்பப் பார்த்தேன். தலை வந்தது, தோள் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. காலை உதறினேன். குளக்கரையில் மல்லாந்துவிட்ட ஆமை மாதிரிக் கிடந்தேன். பாதத்தைக் காதுக்குக் கொண்டுபோகிற அளவுக்கு வளைவேன். படுத்த இடத்திலிருந்து எழும்ப ஏலவில்லை. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், அழுதுகொண்டு.

"அக்கா இளக்கிட்டே போனது," என்றாள். "பிடிக்கிறதுக்கு ஒண்ணும் குடுக்கல. அந்த அம்மாவுக்கு முதுகு இறுக்கம் இல்ல. முதுகைப் பிடிக்க வயிறு இல்ல."

பிலாட்டிஸ் பற்றி நான் படித்ததில் பாதி அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. வகுப்பை நிறுத்தும் எண்ணத்தை அன்றே விட்டேன். அவள் அங்கே இருந்த மீதி மாதங்களில் தினமும் விருந்தாளிகள் சாப்பிடப் போன நேரத்தில் எனக்குப் படிப்பித்தாள். வயிற்றை இறுக்குவது வேறு, தாங்குவது வேறு என்று காட்டினாள். இருமப் போகும்போது வயிறு தானாக ஒரு பிடி பிடிக்குமே, அதில் பாதிப் பிடி போதும் என்றாள்.

நானும் அவசரப்பட்டு ஒரு பிழை செய்தேன். புதிதாகப் படித்ததை அடுத்த டவுன் வகுப்பிலேயே யோகாவுக்குள் கலந்துவிட்டேன். யோகாவில் மூச்செடுக்கும்போது வயிறு வெளியே வரட்டும் என்று விடுவோம். பிலாட்டிஸில் வயிறு பிடித்தபடி இருக்க, மூச்சு விலாவுக்குப் போய் விலா அகலவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் சொன்னதில் வகுப்பில் பாதிப் பேர் மூச்சையே அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். ஒருவருக்குத் தலை சுற்றியது. நீங்கள் இப்போது முதலில் பிலாட்டிஸ் செய்து, எல்லோரையும் எழுப்பி ஒரு சுற்று நடக்கவிட்டு, பிறகு யோகாவுக்குப் போகிறீர்களே, அந்த நடை அதற்காக வந்தது. ஒரு மூச்சை விட்டுவிட்டு மற்ற மூச்சுக்கு வர உடம்புக்கு அந்த நேரம் வேண்டும். நேரம் போதாது என்று அந்த நடையை வெட்டிவிடாதீர்கள்.

நஸ்ரினின் அழைப்பு வந்த அந்த வார ஞாயிறே நான் கிண்ணியாவுக்குப் போனேன். நஸ்ரின் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ராத்தா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றியில் பெட்டி விழுந்த இடம் கன்றியிருந்தது.

"வா புள்ள. நிலத்துக்கு என்னில சரியான ஆசை. பிடிச்சு வச்சிட்டு."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ராத்தா. நீங்கள் எழும்பிறதை நான் ஒருநாளும் பார்க்கேல்லை."

"நானும் சொல்லல்லயே. எழும்ப ஏலாது எண்டு சொன்னா இறங்க விட மாட்டீங்க எண்டு பயம்." கன்றிய நெற்றியைத் தடவிக்கொண்டார். "முதல் சுஜூதுல சந்தோசத்தில அழுதன். ரெண்டாவதுல எழும்ப ஏலாம அழுதன். அல்லாஹ்வுக்கே குழம்பியிருக்கும்."

வாசலில் நின்ற நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி வந்தது.

நோ குறைய ஒரு மாதம் எடுத்தது. பிறகு அவர் மேல்மாடிக்கு வந்தார். இந்த முறை தலைகீழாகத் தொடங்கினோம். நிலத்துக்கே போகவில்லை. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது. அது வந்த பிறகு அதைவிடத் தாழ்ந்த வாங்குப் பலகையிலிருந்து எழும்புவது. நாலு காலில் நின்று ஒரு கையைத் தூக்கியும் முதுகு ஆடாமல் தாங்குவது. ஒரு முழங்காலில் நின்று மற்றக் காலால் எழும்புவது. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். முதல் நாட்களில் எனக்கு முகம் சுட்டது, ஆனாலும் பார்த்தேன். ராத்தாவும் வெட்கப்பட்டார். "என்ன புள்ள, பொண்ணு பாக்க வந்த மாதிரிப் பாக்குற?" என்றார்.

சீசன் முடிய அந்தச் சிங்களப் பிள்ளை மாலைதீவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும் நாளில் என்னைப் புல்லில் படுக்க வைத்து, எழும்பச் சொன்னாள். எழும்பினேன். பாயைச் சுருட்டி என் கையில் தந்துவிட்டுப் போனாள். அவள் வகுப்பு எடுத்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் பிறகும் கனகாலம் என் கால் ஒரு நொடி நின்றுதான் போகும்.

நோன்பு மாதம் வர ஒரு கிழமை இருந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ராத்தா நின்றார். கூட்டிப்போக வந்த நஸ்ரினும் நின்றாள்.

"இந்த நோன்புக்கு நிலத்தில தொழணும் புள்ள. பாத்துச் சொல்லுங்க."

இறங்கினார். நெற்றி பட்டது. எழும்பினார். ஒருவரும் கைகொடுக்கவில்லை. நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொருக்கா," என்றேன். எழும்பினார். "இன்னொருக்கா." மூன்றாவது முறை எழும்பும்போது மூச்சை அடக்கினார். முகம் சிவந்தது. வலது கை, அவருக்கே தெரியாமல், காற்றில் எதையோ தேடியது. மெஷின் மேசை இருக்கவேண்டிய இடத்தை அது தேடியது என்று எனக்குப் பட்டது.

ஒரு நாளைக்கு ஐந்து நேரத் தொழுகை. ஒவ்வொன்றிலும் எத்தனை தரம் இறங்கி எழும்பவேண்டும் என்று அதற்குள் எனக்குப் பாடம். நோன்பு காலத்தில் அதற்கு மேல் நீண்ட தொழுகையும் உண்டு, பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் குடியாத உடம்போடு.

நஸ்ரின் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். ஒரு நாள் என்மேல் அவ்வளவு கோபப்பட்ட அதே பிள்ளை. "ஓம் எண்டு சொல்லுங்களன். எவ்வளவு ஆசையா இரிக்கிறா. நான் பக்கத்தில நிப்பன்."

நாங்கள் செய்கிற வேலையில் கஷ்டமான இடம் இது. ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பது கஷ்டமில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய உடம்பு சொல்வதைச் சொல்வதுதான் கஷ்டம். ஓம் என்று சொல்ல என் நாக்குத் துடித்தது. சொன்னால் நான் நல்லவள். ராத்தாவுக்குச் சந்தோஷம். வகுப்புக்கும் பேர்.

"இல்லை ராத்தா. இந்த நோன்புக்கு ஏலாது. இன்னும் கொஞ்ச மாதம் வேணும்."

ராத்தா தன் பாயைத் தானே சுருட்டினார். படி வாசலில் நின்று திரும்பினார்.

"நீங்களும் கோயில்ல விழுந்து கும்புடுற ஆக்கள்தானே புள்ள. ஒங்களுக்கு விளங்கும் எண்டு நெனச்சன்."

விளங்கியது. விளங்கியதால்தான் அந்த வார்த்தை அப்படித் தைத்தது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நோன்பு மாதத்தில் வரமாட்டார், அது தெரியும். பெருநாள் போயிற்று. முந்தின வருடம் பெருநாள் இனிப்பாக வட்டிலப்பம் கொடுத்துவிட்டவர் இந்த வருடம் அனுப்பவில்லை. செவ்வாயும் வியாழனும் நான் வகுப்பை ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்கினேன். அவருடைய செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். படி திரும்பும் இடத்தில் மூச்சுவாங்க ஒருதரம் நிற்கும். யாருடைய செருப்பாவது அந்த இடத்தில் நின்றால் என் வாயில் எண்ணிக்கை தடுமாறும். அவருடைய இடத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. பெண்கள் நெருக்கியடித்துப் பாய் விரித்தார்கள். ஜன்னலோரத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவு நிலம் வெறுமையாகக் கிடந்தது. போன் எடுத்துக் கதைத்திருக்கலாம். பல தரம் எடுத்தேன். என்ன சொல்வது? நான் சொன்னது சரி என்றா? சரியாகச் சொல்லிவிட்டு ஓர் ஆளை இழந்தால், அது பிழையாகச் சொல்லி இழப்பதைவிடக் குறைவாக நோகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த சீசன் தொடங்கி, ஹோட்டலில் பாய்களைத் துடைத்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னேரம். போன் அடித்தது. கிண்ணியா எண்.

"புள்ள, இறங்கினன்."

கையிலிருந்த பாயை நிலத்தில் போட்டேன். "ஆர் ராத்தா பக்கத்தில? நஸ்ரின் எங்க?"

"அவ வேலைக்கு. ஒருத்தரும் இல்ல."

"இப்ப எங்க கிடக்கிறீங்கள்? எழும்பேலுமோ? நான் ஆக்களை அனுப்பட்டோ?"

"என்ன கதை கதைக்கிற? போன் அலுமாரிக்கு மேல இரிக்கி. எழும்பாம எப்பிடி எடுக்கிற?" சிரித்தார். "முழுத் தொழுகையும் நிலத்தில முடிச்சிட்டன். நஸ்ரின்தான் வீட்டில ஒவ்வொரு நாளும் எழுப்பி இருத்தி எழுப்பி இருத்தி உயிர எடுத்தா. உன்னயவிட மோசம். கண்ணே சிமிட்ட மாட்டா."

"எனக்குச் சொல்லேல்லையே ராத்தா."

"கோவம்தான். உன்னில கோவம். கதிரையில இரிந்து நோன்பு முழுக்கக் கோவப்பட்டன்." குரல் கொஞ்சம் தணிந்தது. "கடைசிச் சுஜூதுல கனநேரம் கிடந்துட்டன் புள்ள."

நான் பயந்துபோனேன். "ஏன், நாரி பிடிச்சிட்டுதோ?"

"இல்ல. எழும்ப ஏலும்," என்றார் ஹாஜரா ராத்தா. "மனம் வரல்ல."